இஸ்திரித் தாத்தாவின் முதுகு

மே 4, 2024, சனி

அக்னி நட்சத்திரம் இன்று ஆரம்பம். பஞ்சாங்கம் பார்க்காமலேயே என் கிளேக்கு அது தெரிந்துவிட்டது. கால் மணி நேரம் பிசைந்தால்தான் இளகும் கட்டி, பாக்கெட்டைப் பிரித்ததுமே அல்வா மாதிரி விரலோடு வந்தது. ஃப்ரிட்ஜில் தயிர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். அம்மா இன்னும் பார்க்கவில்லை.

பாலிமர் கிளே பெயரில்தான் களிமண். உள்ளே மண் ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. பிவிசி தூள், அதை இளக்கி வைக்க எண்ணெய் மாதிரி ஒரு திரவம், நிறமி, அவ்வளவுதான். காற்றில் காயாது, அடுப்பில் சுட்டால்தான் இறுகும். வாரக்கணக்கில் போட்டுவைத்துத் திருத்தலாம். எனக்கு இது பிடித்ததும் அதனால்தான், நான் எதையும் முடிக்காததும் அதனால்தான்.

இப்போது கையில் இருப்பது 24 பக்கக் குழந்தைகள் படக்கதை. தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் ஒரு தாத்தா, வண்டிக்கு அடியில் குடியிருக்கும் ஒரு நாய்க்குட்டி. பத்துப் பக்கம் ஓடிவிட்டது. பதினொன்றாம் பக்கத்தில் தாத்தா திரும்பிப் பார்க்காமல் நடந்து போகிறார். அந்த முதுகை நான்கு நாளாக வரைகிறேன். முன்பக்கத்தை வரைந்து முகத்தை மட்டும் அழித்துவிட்ட மாதிரியே வருகிறது.

பதினைந்து வருடமாக மனிதர்களை நேராகவும் முக்கால் பக்கமாகவும் வரைந்து சம்பாதித்திருக்கிறேன். வார இதழ்க் கதைக்கு யார் முதுகைக் கேட்டார்கள்? சரி, தாத்தாவை ஒரு சாண் உயரத்துக்குப் பொம்மையாகவே செய்து, சுற்றிச் சுற்றிப் பார்த்து வரைந்துவிடலாம் என்று இறங்கியிருக்கிறேன்.

மே 11, சனி

எலும்புக்கூடு தயார். கட்டுக்கம்பியை முறுக்கிக் கை கால், அலுமினியம் ஃபாயிலை நன்றாகக் கசக்கி அழுத்தி உடம்பு. மேலே கிளே அரை சென்டிமீட்டர்தான். உள்ளே முழுக்கக் கிளேயை அடைத்தால் நடுவில் சரியாக வேகாது, வெளியே விரிசல் விடும். தவிர 57 கிராம் கட்டி விற்கிற விலைக்கு வயிற்றுக்குள் அதை அடைக்க மனசு வராது.

வாங்கிய பாக்கெட்டில் 'சரும நிறம்' என்று போட்டிருந்தது. பிரித்தால் ரோஜாப்பூ மில்க் ஷேக். எங்கள் தெருவில் அந்த நிறத்தில் ஒருவரும் கிடையாது. பழுப்பில் கொஞ்சம் ஆரஞ்சு, மிளகளவு நீலம் சேர்த்துச் சேர்த்து, பதினோராவது உருண்டையில் வெயிலில் நின்ற மனிதரின் நிறம் வந்தது. அளவை நோட்டில் குறித்துவைக்கவில்லை. அடுத்த முறை மறுபடி பதினோரு உருண்டை.

மே 19, ஞாயிறு

சோதனைக்கு முதலில் தலையை மட்டும் சுட்டேன். நான் வாங்கும் கிளேக்கு 130 டிகிரி, கால் அங்குலக் கனத்துக்குக் கால் மணி நேரம். ஓடிஜி என்கிற சின்ன மின் அடுப்பின் திருகை 130-இல் வைத்துவிட்டு நிம்மதியாகக் காபி குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் தாத்தாவின் மூக்கு நுனியும் காது மடலும் கருகியிருக்கின்றன. அடுப்புக்குள் வைக்கும் சின்ன வெப்பமானியை மேஜை டிராயரிலிருந்து தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தேன். திருகு 130 என்கிறது, உள்ளே 155. இத்தனை வருடம் இந்த அடுப்பு என்னிடம் பொய் சொல்லியிருக்கிறது.

அதிகமாகக் கருகவிட்டால் பிவிசியிலிருந்து கண் எரிகிற அமிலப் புகை வரும். ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை முழு வேகத்தில் விட்டு, அறையை விட்டு வெளியே நின்றேன். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுலதான் கேக் பண்ணித் தரேன்னு சொன்னியா?" என்றாள். இது கிளேக்கு மட்டும்தான் என்று ஆறாவது முறையாகச் சொன்னேன். கிளே போன அடுப்பில் சாப்பாடு போகக் கூடாது. அதே கண்டிப்பில் பழைய சப்பாத்திக் கட்டையும் என் வசம் வந்துவிட்டது.

இரண்டாவது தலையை ஃபாயில் குடை போட்டு மூடிச் சுட்டேன். பன்னிரண்டாவது நிமிடத்தில் கரண்ட் போய்விட்டது. நல்லவேளை, இதை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் சுடலாம். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். மூக்கு பிழைத்தது.

ஜூன் 2, ஞாயிறு

கிளேயைத் தொடவில்லை. கல்யாணப் பத்திரிகைக்கு மணமக்கள் கேலிச்சித்திரம். மணப்பெண்ணின் அத்தைக்குத் தாடை பெரிதாகத் தெரிகிறதாம். அத்தை படத்திலேயே இல்லை. அது மணமகன்.

ஜூன் 9, ஞாயிறு

கடைசியில் நிஜ இஸ்திரி அண்ணாவிடமே போய்விட்டேன். பக்கத்துத் தெருக்காரர் கேஸ் பெட்டிக்கு மாறி இரண்டு வருடமாகிறது. இவர் இன்னும் கொட்டாங்குச்சிக் கரிதான். ஸ்டூலைப் போட்டு அவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

"இன்னாம்மா, எல்லாரும் மூஞ்சிய வரைவாங்க, நீ முதுக வரையற?"

"மூஞ்சி வரைஞ்சாச்சுண்ணா. முதுகுதான் வர மாட்டேங்குது."

"அதான் எனக்கும் தெரியாதே" என்று சிரித்தார்.

ஒரு மணி நேரத்தில் பார்த்ததையெல்லாம் எழுதி வைக்கிறேன். பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன், கரியோடு சேர்த்து ஏழு கிலோ இருக்கும் என்றார். அதை நாள் முழுக்கத் தள்ளும் வலது தோள் இடதைவிடக் கீழே இறங்கி, சதை பிடித்திருக்கிறது. முதுகுத்தண்டின் பள்ளம் நேராக இல்லை, லேசாக வலப்பக்கம் சாய்ந்து போகிறது. நான் செய்த பொம்மையின் முதுகோ நடுவில் கோடு போட்டுப் பிரித்த பிஸ்கட் மாதிரி இரண்டு பக்கமும் ஒரே அச்சு. மடித்துக் கட்டிய லுங்கி பின்னால் ஒரே சீராகத் தொங்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை, ஒரு முனை கீழே இறங்கி இன்னொன்று ஏறியிருக்கிறது. பனியன் வியர்வையில் ஒட்டும் இடம் இரண்டு தோள்பட்டைக்கு நடுவில் அல்ல, அதற்கும் கீழே. வலது தோளில், தையல் ஓரத்தில், இரண்டு பொத்தல்.

வீட்டுக்கு வந்து பொம்மையின் உடம்பைப் பிய்த்துப் போட்டேன். சுடாதது எவ்வளவு நல்லதாகப் போயிற்று.

ஜூலை 19, வெள்ளி

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. சின்ன வயதிலிருந்து தெரியும். இருந்தாலும் வெள்ளிக்கிழமை போனேன்.

ஆட்டோக்காரரிடம் மெரினா என்றேன். உழைப்பாளர் சிலை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-இல் வைத்தார்கள். இங்கே ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் அவர். நான்கு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். பஸ்ஸில் போகும்போது நூறு முறை பார்த்தது, ஆனால் பின்னால் போய் நின்றதில்லை. முதுகு ஒவ்வொன்றும் வேறு திசையில் முறுக்கிக்கொண்டிருக்கிறது. பலம் முழுக்க அங்கேதான். முன்பக்கத்தில் தெரிவது பலன்.

வெயிலில் தலை சுற்றியது. இதை அப்படியே எடுத்து என் தாத்தாவுக்கு வைக்க முடியாது என்பதும் புரிந்தது. இவர்கள் ஒரு நொடியின் முழுப் பலத்தைக் காட்டுகிறார்கள். என்னுடையவர் நாற்பது வருடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளியவர். அவருடைய சதை புடைக்காது, சாயும்.

ஜூலை 21, ஞாயிறு

இன்று அருங்காட்சியகம் திறந்திருந்தது. நேராக வெண்கலக் கூடம்.

திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரருக்கு முன்னால் வழக்கம்போல நின்றேன். 11-ஆம் நூற்றாண்டு. சிவன் பக்கம் இரண்டு கை, உமை பக்கம் ஒன்று, மொத்தம் மூன்று. அந்த ஒற்றைப்படைக் கணக்கைத் தாங்குவதற்காகவே உடம்பு வளைந்து நிற்கிற மாதிரி எனக்கு எப்போதும் தோன்றும். அப்புறம் இன்று வந்த வேலையைப் பார்த்தேன். சுற்றி வர முடிந்த இடத்தில் சுற்றி வந்தேன், முடியாத இடத்தில் கண்ணாடியில் கன்னத்தை ஒட்டி எட்டிப் பார்த்தேன். காவலாளி இரண்டு முறை இருமினார்.

சோழர் காலச் செப்புத் திருமேனிகளுக்கு முதுகு உண்டு. தலைக்குப் பின்னால் பூ மாதிரி சிரச்சக்கரம், அதற்குக் கீழே தோளில் புரளும் சுருள் முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக. கோயில் சுவரில் கோஷ்ட மாடத்தில் இருக்கும் கல் தட்சிணாமூர்த்திக்கு அது தேவையில்லை, அவர் சுவரோடு பிறந்தவர். உற்சவரோ வீதிக்கு வருகிறவர், நாலு பக்கமும் ஜனம். ஆனால் பட்டு சுற்றி மாலை போட்டு அலங்காரம் முடிந்தால் அந்த முதுகை யாரும் பார்க்கப் போவதில்லை. ஸ்தபதிக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? இருந்தும் ஒரு சுருளைக்கூட விடவில்லை.

அவர்கள் முதலில் பிடித்தது மெழுகில். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, வண்டல் மண்ணைப் பூசி, சூடாக்கி, மெழுகு வடிந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, மண்ணை உடைத்து எடுப்பது. ஒரு அச்சு, ஒரே சிலை. சுவாமிமலையில் இன்றும் இந்த முறைதான். அளவுக்குத் தென்னை ஓலையைக் கீறி மடித்து வைத்துக்கொள்கிறார்கள், முகத்தின் நீளம் ஒரு தாளம். நானும் வீட்டுக்கு வந்து ஒரு காகிதக் கீற்றை மடித்துத் தாத்தாவை அளந்தேன். தலையைப் பெரிதாகப் போட்டுப் போட்டு ஐந்து தாளத்தில் நிற்கிறார். அது பிள்ளையாருக்கு உரிய அளவு. படக்கதைக்குப் பொருத்தம்தான், அப்படியே விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

முதுகு முடிந்தது. மூன்று இரவு.

வலது தோளை இறக்கினேன், பள்ளத்தைச் சாய்த்தேன். கருவி என்று பெரிதாக எதுவும் இல்லை. தீர்ந்துபோன பேனா ரீஃபில், பல்குத்தி, அம்மாவின் சேலைப் பின், மீதி கட்டைவிரல். கடைசியில் ஸ்பிரிட் தொட்ட தூரிகையால் கைரேகையை வழித்தால் தோல் மாதிரியே வழுவழுப்பு வருகிறது.

பனியன்தான் பிராணனை வாங்கியது. வெள்ளைக் கிளேயைக் காகிதம் மாதிரி உருட்டி விரித்துப் போர்த்த வேண்டும். வெள்ளை என்றால் வீட்டிலுள்ள தூசி முழுக்க அதில்தான் வந்து உட்காரும். நான் போட்டிருந்த சிவப்புக் குர்தாவின் நூல், பூனை முடி, எங்கிருந்தோ ஒரு மஞ்சள் ஜிகினா. நான்கு முறை கிழித்துப் போட்டு, கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஐந்தாவது முறை வெளிர்நிறச் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். அது வந்தது. பின்னால் தையல் ஓரத்தில் சேலைப் பின்னை வைத்து இரண்டு பொத்தல் போட்டேன்.

130 டிகிரி, இந்த முறை வெப்பமானி சொன்ன 130. முக்கால் மணி நேரம். ஆறும் வரை அடுப்பைத் திறக்கவில்லை. வெந்ததும் சூட்டோடு எடுத்தால் மெல்லிய இடங்கள் ரப்பர் மாதிரி வளையும், ஆறினால்தான் பலம். நாய்க்குட்டியின் வால் விஷயத்தில் பொறுமை போய்க் கை வைத்தேன். ஃபெவிக்விக்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

வண்டி ஐஸ்கிரீம் குச்சியில் தயார். இஸ்திரிப் பெட்டிக்குப் பித்தளை நிறம் அக்ரிலிக்கில் பூசினேன். போன வருடம் ஒரு கம்மல் ஜோடிக்கு நெயில் பாலிஷ் அடித்து, அது மாதக்கணக்கில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டே இருந்ததிலிருந்து அந்தப் பக்கம் போவதில்லை.

ஒரு மேஜை விளக்கை மாலை வெயில் மாதிரி சாய்த்து வைத்து, தாத்தாவைத் திருப்பித் திருப்பி அறுபது படம் எடுத்தேன். பதினொன்றாம் பக்கத்தை ஒரே மதியத்தில் வரைந்தேன். இறங்கிய தோளில் நிழல் தானாக விழுந்தது, நான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது வேறு தொல்லை. முதல் பத்துப் பக்கமும் பொய்யாகத் தெரிகின்றன. அவற்றில் தாத்தாவின் தோள்கள் தராசு மாதிரி சமம். பதிப்பாசிரியரிடம் மூன்று வாரம் கேட்டேன். "எதுக்கு, நல்லாத்தானே இருக்கு?" என்றார். பதினொன்றாம் பக்கத்தை அனுப்பினேன். பத்து நிமிடம் கழித்து, "அந்தப் பனியன் ஓட்டையை மட்டும் எடுத்துடாதீங்க. மூணு வாரம் எடுத்துக்குங்க" என்று பதில்.

செப்டம்பர் 22, ஞாயிறு

பத்துப் பக்கமும் திரும்ப வரைந்து அனுப்பியாகிவிட்டது. மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைக் கடைகள் வந்துவிட்டன. அம்மாவுக்குச் செட்டியார் ஜோடி ஒன்று வேண்டும். பழைய செட்டியாருக்குக் கழுத்தில் விரிசல்.

நான் ஒவ்வொரு பொம்மையாகத் திருப்பிக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் இரண்டு அச்சில் அழுத்தி ஒட்டியவை. முன்பக்கம் ஜரிகைக் கரையும் நகையும் கண்மையும், பின்பக்கம் ஒரே நிறத்தில் ஒரே இழுப்பு. படியில் சுவரைப் பார்த்து நிற்கிற முதுகுக்கு அது போதும், விலையும் அதற்குள் அடங்க வேண்டும்.

"இன்னா மேடம், எல்லாத்தயும் திருப்பிப் போடற? விரிசல் கிரிசல் கெடயாது, நல்ல மண்ணு" என்றார் கடைக்கார அக்கா.

ஒரே ஒரு பூக்காரி பொம்மையில் மட்டும் யாரோ பின்னல் ஒன்றைப் போட்டு, அதன் நடுவில் மூன்று வெள்ளைப் புள்ளி வைத்திருந்தார்கள். மல்லிகை. அதை வாங்கினேன். செட்டியாரை மறந்துவிட்டேன். நாளை மறுபடி போக வேண்டும்.

அக்டோபர் 2, புதன்

மகாளய அமாவாசை. பரணிலிருந்து பொம்மைப் பெட்டி இறங்கியது. நாளை கொலு ஆரம்பம், ஏழு படி. மரப்பாச்சிகளை அம்மா முதலில் எடுத்து வைத்தாள். தரையில் பூங்காவுக்குப் பக்கத்தில் தெரு மாதிரி கொஞ்சம் இடம் விட்டு, "உன் ஆளைக் கொண்டு வா" என்றாள். தாத்தா, வண்டி, வால் ஒட்டிய நாய்க்குட்டி மூவரும் குடியேறினார்கள்.

சாயந்திரம் இஸ்திரி அண்ணா துணி மூட்டையோடு வந்தார். காசு எடுக்க உள்ளே போய் வருவதற்குள் கொலுவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பொம்மையின் முகத்தை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் இரண்டு விரலால் மெதுவாக அதைத் திருப்பினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏம்மா, இந்த ஓட்டை இப்ப இல்லியே. தீபாவளிக்குப் புதுசு வாங்கலாம்னு இருந்தேன், அதுக்குள்ள வீட்ல தெச்சுக் குடுத்துட்டாங்க" என்று திரும்பி, தோளைக் காட்டினார். வெள்ளைப் பனியனில் நீல நூல்.