"ரெண்டும் வேவ்தானே டீச்சர்?"

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி ஏறுவதுபோல் வலிக்கும். பத்து அடி நடந்தால் மட்டுப்படும். நாலாவது பீரியடில் நின்றுகொண்டே பாடம் எடுத்தால் திரும்ப வரும். பிளான்டர் ஃபேசியைட்டிஸ், அதாவது பாதத்துக்கு அடியில் இருக்கும் தசைநார்ப் பட்டை நொந்துபோய் வரும் குதிகால் வலி, வந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மெத்தென்ற எம்சிஆர் ரப்பர் செருப்பு, மாத்திரை, உசிலம்பட்டி வீட்டில் வெந்நீர் ஒத்தடம் என்று ஏழு மாதம் ஓடியது. எக்ஸ்ரேயில் எலும்பு முள்ளாக வளர்ந்திருப்பதைப் பார்த்து நான்தான் பயந்தேன். முள் இருந்தும் வலி இல்லாதவர்கள் நிறைய பேர் என்று சொல்லிவிட்டு, டாக்டர் சீட்டில் 'ஷாக்வேவ்' என்று எழுதினார்.

பக்கத்து ஊரில் ஒரு பிசியோதெரபி சென்டர். சீட்டைக் காட்டினேன். "வேவ் தெரபிதானே, பத்து சிட்டிங் பேக்கேஜ் இருக்கு, 4,500 ரூபாய்" என்றார்கள். மொத்தமாகக் கட்டிவிட்டேன். ரசீதிலும் 'வேவ் தெரபி' என்றுதான் இருந்தது. அதை அங்கேயே படித்திருக்க வேண்டும்.

தினமும் ஒரு பயிற்சிப் பெண் குதிகாலில் ஜில்லென்று ஜெல்லைத் தடவி, டார்ச் லைட்டின் தலைபோல் இருந்த ஒன்றை வட்டமாகத் தேய்ப்பாள். ஏழெட்டு நிமிடம். சத்தமும் இல்லை, வலியும் இல்லை. ஒரு நாள் மட்டும் போன் பார்த்துக்கொண்டே கையை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டாள். எலும்புக்குள் சுருக்கென்று சூடு பிடித்தது. கத்திய பிறகுதான் நகர்த்தினாள்.

ஆறாவது சிட்டிங் முடிந்த மறுநாள் ஸ்டாஃப் ரூமில் பேச்சு வந்தது. சக ஆசிரியை ஒருவரின் கணவர் முழங்கைக்கு ஷாக்வேவ் வைத்துக்கொண்டவர். "வலிக்கலையா? அவர் பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாரே, தட தடன்னு சத்தம் வேற!" என்றார். அப்போதுதான் உறைத்தது. எனக்கு வைத்தது அல்ட்ராசவுண்ட்.

இரண்டும் ஒலி அலைக் குடும்பம்தான், ஆனால் வேலை வேறு. அல்ட்ராசவுண்டில் விநாடிக்குப் பத்து லட்சம், முப்பது லட்சம் தடவை அதிரும் மெல்லிய அலை தொடர்ந்து போகிறது. நடுவில் காற்று இருந்தால் அது உள்ளே போகாது, அதற்குத்தான் ஜெல். கையை நிறுத்தினால் ஒரே இடம் சூடாகிவிடும், அதற்குத்தான் வட்டமாகத் தேய்ப்பது. ஷாக்வேவ் அப்படித் தொடர்ந்து போகாது, ஒவ்வொன்றாக விழும் தனித்தனி அழுத்த அடி. 'கரண்ட் வைக்கிறது' என்று நாம் சொல்லும் ஐஎஃப்டி அலைக் கணக்கிலேயே வராது, அது மின்சாரம். குதிகால் வலிக்கு அல்ட்ராசவுண்ட் பெரிதாக உதவும் என்பதற்குச் சான்று குறைவு என்று டாக்டரே பிறகு சொன்னார்.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனால் கவுண்டரில் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ரெண்டும் வேவ்தானே டீச்சர்?" பில்லில் ஷாக்வேவ் என்று எங்கே எழுதியிருக்கிறோம் என்று என்னையே திருப்பிக் கேட்டார். ஒரு மணி நேரம் வாக்குவாதம் செய்து, மீதி நாலு சிட்டிங்கை வீட்டில் வேறு யாருக்காவது மாற்றித் தருவதாக எழுதி வாங்கினேன்.

அரையாண்டுத் தேர்வு நேரம். ஹாலில் நிற்க முடியாமல், உள்ளூரில் வேறொரு டாக்டரிடம் குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டேன். அடுத்த முட்டாள்தனம் அது. மூன்று வாரம் கழித்து, லீவு போட்டு, பஸ் ஏறி, ஆரப்பாளையத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து மதுரையில் ஷாக்வேவ் மெஷின் இருக்கும் இடத்துக்குப் போனால் முதல் கேள்வியே "ஊசி ஏதாவது போட்டீங்களா?" என்பதுதான். போட்ட தேதி உள்ள சீட்டு வீட்டில். சீட்டு இருந்திருந்தாலும் பயனில்லை, ஊசி போட்டு ஆறு வாரம் ஆகாமல் ஷாக்வேவ் வைக்க மாட்டார்களாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகளும் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனிலேயே கேட்டிருந்தால் எனக்கு ஒரு லீவு மிஞ்சியிருக்கும்.

இன்சூரன்ஸ் கேட்டது தனிக் கூத்து. "ஷாக்வேவ்னா கிட்னி கல்லா மேடம்?" என்றார் இன்சூரன்ஸ் கம்பெனிப் பெண். அவரைக் குறை சொல்ல முடியாது. 1980இல் ஜெர்மனியின் மியூனிக்கில் முதல் நோயாளிக்கு இந்த அலையை வைத்ததே சிறுநீரகக் கல்லை உடைக்கத்தான். குதிகாலுக்கு வந்தது பிறகு. எப்படியும் அட்மிஷன் இல்லாத சிகிச்சைக்கு என் பாலிசியில் பணம் கிடையாது. ஒரு சிட்டிங் 1,500, வாரம் ஒன்று, மொத்தம் மூன்று.

ஆறு வாரக் கெடு முடிந்து எனக்கு வைத்தது ரேடியல் வகை. கல் உடைக்கும் மெஷின்போல் ஆழத்தில் ஒரு புள்ளியில் குவியாது. கைப்பிடிக்குள் காற்றழுத்தத்தில் ஒரு சின்ன உலோகக் குண்டு முனையில் போய் மோதி, அந்த அடி தோலிலிருந்து உள்ளே பரவுகிறது. விநாடிக்குப் பத்து அடி, மொத்தம் 2,000. திரையில் எண் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். 300 வரை பரவாயில்லை. வலிக்கிற இடத்தைச் சரியாகப் பிடித்ததும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். 'தாங்கலைன்னா சொல்லுங்க' என்று மெஷினைப் பிடித்திருந்தவர் அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கி, அப்புறம் மெதுவாக ஏற்றினார். கணக்குப் போட்டால் மூன்று நிமிடம் இருபது விநாடிதான். அவ்வளவு நீளமான மூன்று நிமிடத்தை நான் பார்த்ததில்லை.

முடிந்ததும் டைக்ளோஃபெனாக் மாதிரி வலியையும் வீக்கத்தையும் குறைக்கும் மாத்திரை போடக் கூடாது என்றார்கள். அந்த அடியால் கிளம்புகிற வீக்கம்தான் ஆறுவதைத் தூண்டுகிறது, அதை நாமே அமுக்கிவிடக் கூடாதாம். மறுநாளே குணமாகும் என்று எதிர்பார்த்துவிடாதீர்கள். மூன்றாவது சிட்டிங் முடிந்தும் வலி அப்படியே இருந்தது, பணம் போச்சு என்றே நினைத்தேன். ஏழாவது வாரம் ஒரு காலையில் பால் பொங்கும் சத்தம் கேட்டு அடுப்படிக்கு ஓடி, அடுப்பை அணைத்த பிறகுதான் வெறுங்காலில் ஓடி வந்தது நினைவுக்கு வந்தது.

ஷாக்வேவ்தான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்கும் பயிற்சியையும் தினமும் விடாமல் செய்தேன். ஒரு வருடத்தில் தானாகவே சரியாகிறவர்களும் நிறைய பேர்.

அந்த மீதி நாலு சிட்டிங்கும் மாமியாரின் தோள்பட்டைக்குப் போனது. வலி குறைந்ததா என்று கேட்டால் பதில் இல்லை. அந்த ஜெல்லின் குளிர்ச்சி மட்டும் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம், இன்னொரு பேக்கேஜ் போடலாமா என்கிறார்.