வைவாவில் என்னை மாட்டிவிட்ட சிரை

ரேடியோகிராஃபி இறுதியாண்டு வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் லைட் பாக்ஸில் ஒரு மூளை ஆஞ்சியோகிராம் (ரத்தக்குழாய்களின் எக்ஸ்ரே படம்) ஃபிலிமை மாட்டினார். நூல்கண்டு சிக்கியது போல ரத்தக்குழாய்கள். கேள்வி முடியும் முன்பே "ஏவிஎம் சார்" என்றேன். தமனியும் சிரையும் தாறுமாறாகப் பின்னிக்கொண்ட கோளாறு அது.

"எதை வச்சு சொல்றே?"

"சிக்கலா இருக்கு சார்."

"கட்டியிலயும் குழாய் சிக்கலாத்தானே இருக்கும்?"

அதற்கு மேல் எனக்கு வாயே வரவில்லை.

விடை அந்தப் படத்திலேயே இருந்தது. தமனிகள் நிறையும் கட்டத்திலேயே ஒரு சிரையும் தடித்துத் தெரிந்தது. குழாய்கள் படத்தில் தெரிவதற்காக ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து தமனியில் நுழைந்து, தந்துகிகள் என்ற நுண்குழாய்களைக் கடந்து, சில நொடி கழித்துத்தான் சிரைக்கு வரவேண்டும். ஏவிஎம்மில் நடுவே தந்துகி கிடையாது. நிடஸ் என்கிற அந்தச் சிக்கலைத் தாண்டினால் நேராகச் சிரைதான். வீரியமான சில கட்டிகளிலும் சிரை முந்தும். ஆனால் கட்டி பக்கத்துக் குழாய்களைத் தள்ளி வைத்திருக்கும். ரத்தம் கசியாத ஏவிஎம் பெரும்பாலும் தள்ளாது.

அதனால் படத்தைப் பார்த்ததும் நோயின் பெயரைத் தேடாதீர்கள், எந்தக் கட்டம் என்று பாருங்கள். பிறவிச் சிரைக் கோளாறில் தமனிக் கட்டம் சுத்தமாக இருக்கும். சிரைக் கட்டத்தில்தான் குடைக்கம்பிகள் போல விரியும். கேவர்னோமா என்ற ரத்தக்குழாய்க் கொத்தில் ரத்த ஓட்டம் மிக மந்தம், ஆஞ்சியோகிராமில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அதற்கு எம்ஆர்ஐதான். "கேவர்னோமா ஆஞ்சியோகிராமில் எப்படி இருக்கும்?" என்று கேட்டால் அது பொறி.

அப்புறம், கான்ட்ராஸ்டில் ஏன் அயோடின்? "கனமான தனிமம்" என்று நிறுத்தினால், ஈயம் அதைவிடக் கனமாயிற்றே என்பார்கள். அயோடினின் கே-விளிம்பு, அதாவது எக்ஸ்ரேயை அது உறிஞ்சுவது சட்டென்று கூடும் ஆற்றல், 33.2 கிலோ எலக்ட்ரான் வோல்ட். நாம் பயன்படுத்தும் எக்ஸ்ரேயின் ஆற்றல் வரம்புக்குள் வருவதால் நன்றாக உறிஞ்சும். தகுந்த சேர்மமாக்கினால் உடலும் தாங்கும், சிறுநீரில் வெளியேறிவிடும். அயோடினுக்குப் பின்னால் வந்த தோரோட்ராஸ்ட் என்ற கான்ட்ராஸ்ட் படம் அருமையாகக் கொடுத்தது. ஆனால் அதிலிருந்த கதிரியக்கத் தோரியம் ஈரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயைத் தந்தது.

1927-இல் லிஸ்பனில் நரம்பியல் மருத்துவர் ஈகாஸ் மோனிஸ் மூளைக் குழாய்களை முதலில் வெற்றிகரமாகப் படமெடுத்ததும் சோடியம் அயோடைடு கொண்டுதான். 1949-இல் அவருக்கு நோபல் கிடைத்தது இதற்காக அல்ல, மூளை அறுவைக்காக. இதையும் கேட்கிறார்கள்.

கடைசியாக, ஏவிஎம் அறுவை எவ்வளவு ஆபத்தானது என்று மூன்று அம்சங்களை வைத்து மதிப்பிடும் ஸ்பெட்ஸ்லர்-மார்ட்டின் கிரேடு கேட்டார். அளவையும், இருப்பது மூளையின் முக்கியப் பகுதியிலா என்பதையும் சொன்னேன். மூன்றாவதை மறந்துவிட்டேன். ஆழச் சிரைக்கு வடிகிறதா என்பதுதான் அது. மறுபடியும் சிரை!