மறுகரை தெரிகிற காதல் கதைகள்

கடற்கரையில் நடக்கும் காதல் கதைகளைவிட, ஏரிக்கரைச் சிற்றூரில் நடக்கும் காதல் கதைகளின் மீதுதான் எனக்கு எப்போதும் சாய்வு அதிகம். கடல் ஆளைக் கொண்டுபோய்விடும். ஏரிக்கோ மறுகரை உண்டு. ஒருத்தி கோபித்துக்கொண்டு படகேறிப் போனாலும், அவள் எங்கே இறங்குகிறாள் என்பது இக்கரையில் நிற்பவனின் கண்ணுக்குத் தெரிந்துவிடும். கடலோர நெய்தலுக்கு இரங்கலையும், வயலும் பொய்கையும் சூழ்ந்த மருதத்துக்கு ஊடலையும் உரிப்பொருளாக வைத்த நம் அகமரபு இதை அறிந்தே வைத்ததாக எனக்குத் தோன்றுவதுண்டு. (மருதத்து ஊடலுக்குக் காரணம் பெரும்பாலும் தலைவனின் பரத்தையர் உறவுதான் என்பதை இங்கே வசதியாக மறந்துவிடுகிறேன்.)

தத்துவச் சிந்தனையாளர் ரூசோ 1761இல் வெளியிட்ட ‘ஜூலி’ என்னும் கடித நாவல் ஜெனீவா ஏரிக்கரையில் நடப்பது. அதில் பிரிந்திருக்கும் காதலன் மெய்யெரி என்னும் இடத்துப் பாறைகளின் மேல் நின்று, எதிர்க்கரையில் இருக்கும் காதலியின் வீட்டைத் தொலைநோக்கி வழியே பார்த்துக்கொண்டிருப்பான். பல ஆண்டுகளுக்குப் பின், அவள் வேறொருவரின் மனைவியான பிறகு, இருவரும் ஒரு படகில் போகும்போது காற்று அவர்களைக் கொண்டுபோய் அதே மெய்யெரியில் ஒதுக்குகிறது. காதலரைச் சேர்த்துவைப்பதற்காக வசதியாக வரும் புயல் எனக்குப் பிடிக்காது; ஆனால் இந்தக் காற்று ஞாபகம் புதைந்துகிடக்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதால், அதை மன்னிக்க முடிகிறது. 1816இல் ஆங்கிலக் கவிஞர்கள் பைரனும் ஷெல்லியும் அதே ஏரியில் படகில் போனபோது இந்த நாவலின் இடங்களைத் தேடிப் பார்த்தார்கள் என்பதில் வியப்பில்லை.

இப்படியெல்லாம் பேசுகிற நானே ஒரு ஏரிக்கரை நாவலை எழுதத் தொடங்கி, மூன்றாம் அத்தியாயத்தில் தடுக்கி விழுந்தேன். அந்தி நேரம், அலையில்லாத நீர், நடு ஏரியில் ஒரு படகு. அதில் இருவரும் அதுவரை சொல்லாததைத் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொள்கிறார்கள். படகுகளோடு பழகிய நண்பர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, “இவர்கள் பேசியது ஊர் முழுவதற்கும் கேட்டிருக்குமே” என்று சிரித்தார். பொழுது சாயும்போது நீரை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலுள்ள காற்று சற்று வெப்பமாகவும் இருந்தால், மேலே போய்க் கரையவேண்டிய ஒலி வளைந்து மறுபடி கீழே இறங்கும். நீர்ப்பரப்பில் அதைத் தடுக்க மரமோ சுவரோ கிடையாது. கரையில் நிற்பவருக்குப் படகிலிருப்பவரின் பேச்சு வியப்பூட்டும் அளவுக்குத் தெளிவாகக் கேட்பதற்கு இதுவே காரணம். தனிமைக்காக நான் தேர்ந்தெடுத்த இடம், ஒளிந்து பேசவே முடியாத இடமாகப் போயிற்று.

முதலில் வெட்கமாக இருந்தது; இரண்டு நாள் கழித்துத்தான், இந்தப் பிழைக்குள்ளேதான் நாவலே இருக்கிறது என்று புரிந்தது. மனத்தை இதப்படுத்தும் காதல் கதை என்ற பெயரில் வருகிற பலவற்றில், ஊரார் எல்லோரும் காரணமில்லாமல் நல்லவர்களாகவே இருப்பார்கள். அந்த நன்மைக்காக அவர்கள் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை. ஆனால் ஒரு ரகசியம் ஊருக்கே கேட்டுவிட்டு, ஊர் அதைக் கேட்காததுபோல் நடந்துகொண்டால், அந்த மௌனம் ஒவ்வொருவரும் முயன்று காக்க வேண்டிய ஒன்றாகிவிடுகிறது. வம்பு பேசாமல் இருப்பது சிலருக்கு எவ்வளவு பெரிய தியாகம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஏரியின் மற்ற இயல்புகளையும் அதன் பிறகு கவனித்து எழுதத் தொடங்கினேன். முழுநிலவு ஏறக்குறைய பொழுது அடையும் நேரத்தில் எழுவது என்பதால், நள்ளிரவில் அதைக் கிழக்கே உதிக்கவைத்த ஒரு பத்தி அடிபட்டுப் போயிற்று. நீரின் மேல் விழும் நிலவொளிப் பாதை பார்ப்பவர் எங்கே நின்றாலும் அவருடைய காலடியை நோக்கியே வரும் என்பதை மட்டும் விட மனம் வரவில்லை; ஊடல் கொண்ட இருவர் ஒரே கரையில் நூறு அடி தள்ளி நின்றால், ஆளுக்கொரு பாதை தெரியும்.

மூன்றாம் அத்தியாயத்தை இப்போது கரையிலிருந்து எழுதியிருக்கிறேன். அவனுடைய தாய் வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சீர்செய்துகொண்டிருக்கிறாள். நீரின் மேலாக மகனின் குரல் வருகிறது. ஊசி ஒரு கண்ணியின் நடுவே நின்று, பிறகு முன்பைவிட மெதுவாக நகர்கிறது. படகு கரைசேரும் ஓசை கேட்டதும் அவள் விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். மறுநாள் விடியற்காலையில், நீரின் மேல் பனிமூட்டம் கலையாதபோது அவன் துறைக்கு வருகிறான். எப்போதும் தனியாகக் கட்டியிருக்கும் அவனுடைய படகை யாரோ அவிழ்த்து, காதலி வீட்டுப் படகின் பக்கத்தில் கட்டிவைத்திருக்கிறார்கள்.