பாரோட்ராமா: ஜங்ஷன் பாக்ஸ் போனால் கப்பலே போச்சு

வியாழனின் நிலவு யூரோப்பா. மேலே பனி ஓடு, கீழே வெளிச்சமே படாத கடல், அதில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல், அதற்குள் அதிகபட்சம் 16 பேர். பின்லாந்தின் ஃபேக்ஃபிஷும் அண்டர்டோ கேம்ஸும் சேர்ந்து உருவாக்கிய பாரோட்ராமா என்ற வீடியோ கேம் 2019 ஜூனில் ஏர்லி ஆக்சஸாக, அதாவது முழுதாக முடியும் முன்பே ஆடக் கிடைக்கும் பதிப்பாக வந்தது. 2023 மார்ச்சில் முழுதாக வெளியானது. பக்கவாட்டில் பார்க்கும் 2டி ஆட்டம்தானே என்று இறங்குகிற புதுக் குழு முதல் பயணத்திலேயே தரைதட்டும். கேட்டால், “பெரிய மிருகம் ஒண்ணு கடிச்சிடுச்சு” என்பார்கள். மிருகம் போட்டது ஒரே ஒரு ஓட்டைதான். மிச்ச வேலையை முடித்தது கரண்ட்.

நடப்பது இதுதான். ஹாமர்ஹெட் என்ற கடல் மிருகம் வந்து முட்டுகிறது, சுவர் கிழிகிறது, தண்ணீர் உள்ளே வருகிறது. அந்த அறையில் இருக்கும் ஜங்ஷன் பாக்ஸ் (கரண்டைப் பிரித்து அனுப்பும் பெட்டி) முங்கியதும் கெட ஆரம்பிக்கும். அது போனால் அதன் வழியாகக் கரண்ட் வாங்கும் பம்ப் நின்றுவிடும். பம்ப் நின்றால் தண்ணீர் ஏறி அடுத்த பாக்ஸ் போகும். இதற்குள் பேலஸ்ட் பம்பும் (கப்பல் ஏறி இறங்கத் தொட்டியில் தண்ணீரை ஏற்றி இறக்கும் பம்ப்) நின்றுவிட்டால் கப்பல் மேலே வர வழியே கிடையாது. இறங்கிக்கொண்டே போய், கப்பலின் உடல் தாங்கும் ஆழத்தைத் தாண்டியதும் சுவர்கள் தானாகவே நொறுங்கத் தொடங்கும். துப்பாக்கி எத்தனை வைத்திருந்தாலும் இந்தக் கட்டத்தில் ஒன்றும் ஆகாது.

இந்தச் சங்கிலி ஓட்டை விழாமலும் தொடங்கும். அது கப்பலுக்குக் கரண்ட் தரும் அணு உலையான ரியாக்டரில்.

ரியாக்டர் திரையில் இரண்டு ஸ்லைடர். ஃபிஷன் ரேட் சூட்டைக் கூட்டும். டர்பைன் அவுட்புட் அந்தச் சூட்டை இழுத்துக் கரண்டாக்கும்; இழுப்பதால் ரியாக்டர் குளிரவும் செய்யும். டர்பைனுக்கு ஒரு கணக்கு உண்டு: லோடை, அதாவது கப்பல் அப்போது கேட்கும் கரண்டை, ரியாக்டரின் அதிகபட்சத் திறனால் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும். அதிகபட்சம் 5000 கிலோவாட், லோடு 2000 என்றால் டர்பைன் 40. அதை வைத்த பிறகு, வெப்ப முள் பச்சைப் பகுதிக்குள் நிற்கும்வரை ஃபிஷன் ரேட்டை நகர்த்தினால் போதும். ஸ்லைடரை இழுத்த வேகத்துக்கு முள் வராது. அது மெதுவாகத்தான் பின்னால் வரும், அதனால் இழுத்துவிட்டுக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். பொறுமை இல்லாதவரை எஞ்சினியராகப் போடாதீர்கள்.

கப்பலில் பெரும்பாலும் அதிகக் கரண்ட் தின்பது எஞ்சின்தான். முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் கேப்டன் பாறையைக் கண்டு சட்டென்று நிறுத்தினால், 2000-இல் இருந்த லோடு ஒரே நொடியில் 600-க்கு விழும். டர்பைன் இன்னும் 40-லேயே நிற்கிறது. மிஞ்சிய கரண்ட் மொத்தமும் ஜங்ஷன் பாக்ஸ்களில் போய் இறங்கும்; பொறி பறக்கும், தீயும் பிடிக்கும். தீ அந்த அறையின் ஆக்சிஜனையும் தின்றுவிடும். பதறிப்போய் டர்பைனை மட்டும் கீழே இழுத்தால் அது அடுத்த வம்பு. சூட்டுக்குப் போக்கிடம் இல்லாமல் வெப்பம் சிவப்புக்கு ஏறும், ரியாக்டரே கெடும், விட்டுவிட்டால் உருகும். இரண்டையும் சேர்த்துத்தான் இறக்க வேண்டும். கேப்டன் திராட்டிலைத் தொடும் முன் “நிறுத்தப் போறேன்” என்று சொன்னால் இதில் பாதிப் பிரச்சினை வராது. வேகம் எடுக்கும்போதும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வோல்டேஜ் விழுந்து விளக்கு மங்கும், பம்ப் சோரும்.

ரெயில்கன், காயில்கன் என்ற கப்பல் பீரங்கிகளுக்குக் கரண்டைச் சேர்த்துவைக்கும் சூப்பர் கெபாசிட்டர்களும் இதே மாதிரிதான். சுட்டதும் லோடு எகிறும், நிரம்பியதும் விழும். ரீசார்ஜ் வேகத்தை உச்சத்தில் வைத்தால் சண்டை நடுவே லோடு ஊஞ்சலாடும். நடுவில் வைப்பது நல்லது. ரியாக்டரை விட்டு எழுந்து போவதானால் ஆட்டோவில் போட்டுவிட்டுப் போங்கள். திடீர் மாற்றங்களுக்கு அது மந்தம், ஆனாலும் ஆளில்லாத ரியாக்டருக்கு அது எவ்வளவோ மேல்.

எரிபொருள் கம்பிக்கு நான்கு இடம் இருக்கிறது என்பதற்காக நான்கையும் நிரப்பக் கூடாது. கம்பி கூடக்கூட ஃபிஷன் ஸ்லைடரின் சின்ன அசைவுக்கே சூடு தாவும். சின்னக் கப்பலுக்கு ஒரு யுரேனியம் கம்பியோடு தொடங்குங்கள். ஃபிஷன் ரேட் 100-ஐ நெருங்கியும் சூடு போதாவிட்டால் இரண்டாவது. புதுக் கம்பியைச் செருகும் முன் ஃபிஷனைக் குறைத்துவிட வேண்டும், இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

இப்போது ஓட்டை. தண்ணீர் வரும் சத்தம் கேட்டதும் வெல்டிங் டூலைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. முதலில் கதவைச் சாத்துங்கள், பிறகு டைவிங் சூட். மாஸ்க் மூச்சுக்கு மட்டும்தான் உதவும், அழுத்தத்துக்கு உதவாது. அறை கூரைவரை நிரம்பிவிட்டால் சூட் இல்லாதவர் சில நொடிகளில் நசுங்கிச் சாவார். சூட் போடும்போது சிலிண்டரை ஒருமுறை பாருங்கள். ஆக்சிஜன் சிலிண்டர் போகும் அதே இடத்தில் வெல்டிங் எரிவாயு சிலிண்டரும் உட்காரும், ஆட்டம் தடுக்காது. அதைச் சுவாசித்தவர் மூச்சுத் திணறி விழுவார். வெல்டிங் சிலிண்டருக்கும் ஆக்சிஜன் சிலிண்டருக்கும் தனித்தனி அலமாரி வைத்துவிட்டால் தொல்லை இல்லை. காலியான ஆக்சிஜன் சிலிண்டரை ஆக்சிஜன் ஜெனரேட்டரில் வைத்தால் அதுவே நிரப்பிக் கொடுக்கும்.

சுவரை அடைத்த பிறகு எதை முதலில் சரிசெய்வது என்பதில்தான் குழுக்கள் சொதப்பும். கண்ணில் பட்டதை எல்லாம் தொடாதீர்கள். அந்த அறையின் பம்புக்குக் கரண்ட் தரும் ஜங்ஷன் பாக்ஸ் முதலில், அப்புறம் பம்ப், மற்றதெல்லாம் பிறகு. எந்த பாக்ஸ் எதற்குக் கரண்ட் தருகிறது என்பதைத் துறைமுகத்தில் நிற்கும்போதே ஸ்க்ரூடிரைவரோடு திறந்து பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒயரின் நிறத்தை நம்ப வேண்டாம், அது வெறும் அலங்காரம். பாக்ஸுக்கு ஸ்க்ரூடிரைவர், மின் திறமை. பம்புக்கும் எஞ்சினுக்கும் ஸ்பேனர், இயந்திரத் திறமை. மெக்கானிக் ஆர்வக்கோளாறில் பாக்ஸைத் தொட்டால் ஷாக் அடித்து, தீக்காயத்தோடு அப்படியே தண்ணீரில் விழுவார். பிறகு அவரையும் தூக்க ஒரு ஆள் வேண்டும்.

மட்ராப்டர் என்ற மிருகம் உள்ளே புகுந்துவிட்டால் கதவையே வெல்டிங் வைத்து அடைக்கலாம். பிளாஸ்மா கட்டர் இருந்தால் பின்னால் வெட்டித் திறந்துகொள்ளலாம். ஒலியை அனுப்பி எதிரொலியால் சுற்றுப்புறத்தைக் காட்டும் ஆக்டிவ் சோனாரை எப்போதும் போட்டு வைப்பது மிருகங்களுக்கு விருந்து அழைப்பு அனுப்புகிற வேலை. குகைக்குள் திரும்பும்போது மட்டும், அதுவும் ஒரே திசையில் அடித்தால் போதும். மருத்துவருக்கு ஒரே ஒரு வார்த்தை: நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் ரேடியோவில் திடீரென்று வாயே திறக்கவில்லை என்றால் மைக் பிரச்சினை என்று விடாதீர்கள். ஹஸ்க் என்ற ஒட்டுண்ணியின் தொற்று பேச்சைத்தான் முதலில் பறிக்கும். அதற்கான மருந்து கேலிக்சனைடு கையில் இருக்கட்டும்.

பேலஸ்ட் தொட்டியையும் இடையிடையே எட்டிப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து இழுக்கும் தண்ணீரோடு பேலஸ்ட் ஃப்ளோரா என்ற செடி உள்ளே வந்து பம்பில் வேர் பிடிக்கும். அது கப்பலின் கரண்டையே தின்று வளரும். யாரும் எதையும் தொடாமல் வோல்டேஜ் விழுகிறது, கப்பல் மேலே எழ முரண்டு பிடிக்கிறது என்றால் சந்தேகம் அங்கேதான். கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தால் நேரம்தான் வீண். வேரைத் தேடி அழியுங்கள், அதோடு தொடர்பு அறுந்த கிளைகள் தானே வாடிவிடும். நெருப்பைக் கக்கும் ஃபிளேமர் வேகமாக வேலை செய்யும். பிளாஸ்மா கட்டராலும் முடியும், ஆனால் அது சுவரையும் வெட்டும். தொட்டிக்குள் நின்று கடல் பக்கச் சுவரைக் குறிபார்த்து வெட்டாதீர்கள்.