எஃப்-91டபிள்யூ கண்ணாடியைக் கழற்றுவது எப்படி, முடிந்தால் கழற்றாமல் தப்பிப்பது எப்படி

1989-இல் வந்த கேசியோ எஃப்-91டபிள்யூ டிஜிட்டல் கைக்கடிகாரம் இன்றும் பலருடைய மேஜை டிராயரில் கிடக்கிறது. எடுத்துப் பார்த்தால் முகம் மங்கியிருக்கும். உடனே கண்ணாடியை நெம்பக் கத்தியைத் தேடாதீர்கள். அழுக்கு எந்தப் பக்கம் என்று முதலில் தெரிய வேண்டும்.

பின்மூடியில் நான்கு சின்னத் திருகுகள். வியர்வை உப்பு ஏறி இறுகியிருக்கும் என்பதால், தலைக்குக் கச்சிதமாகப் பொருந்தும் ஸ்குரூடிரைவர் அவசியம். இல்லாவிட்டால் பிளஸ் வெட்டு மழுங்கிவிடும். மூடியைத் திறந்ததும் மாட்யூலில், அதாவது வாட்சை ஓட்டும் எலெக்ட்ரானிக் பகுதியில், நிற்கும் சிறு ஸ்பிரிங்கைக் கவனியுங்கள். மூடியின் உள்ளே ஒட்டியிருக்கும் வட்டத் தகட்டைத் தொட்டு 'பீப்' சத்தம் வரச் செய்வது அதுதான். அது தெறித்து விழுந்தால் அலாரம் ஊமை. அதை ட்வீசரால் எடுத்து ஒரு டப்பியில் போட்டுவிட்டு, மாட்யூலைத் தூக்கி, எண்கள் தெரியும் எல்சிடி திரை மேல்நோக்கி இருக்கும்படி வையுங்கள்.

இப்போது வெறும் கூட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். கண்ணாடி தெளிவாக இருந்தால் அழுக்கு எல்சிடி மேல்தான். கையால் அழுக்கிக் காற்றடிக்கும் ரப்பர் பிளோயரால் ஊதினாலே போதும். எல்சிடியின் மேல்பரப்பு ஒளியை வடிகட்டும் பிளாஸ்டிக் போலரைசர் படலம், அதில் ஆல்கஹால் வேண்டாம். கறுப்பாக மை கொட்டியதுபோல் தெரிந்தால் அது அழுக்கே இல்லை, எல்சிடி உடைந்து கசிந்திருக்கிறது. கண்ணாடியின் வெளிப்பக்கம் மட்டும் கீறியிருந்தால், கூட்டோடு வைத்தே அக்ரிலிக் பாலிஷ் போட்டுத் தேய்க்கலாம். நிறையப் பேருக்கு வேலை இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

மங்கல் உள்பக்கத்தில், துணி எட்டாத ஓரத்தில் இருந்தால்தான் கழற்ற வேண்டும். இந்தக் கண்ணாடி அக்ரிலிக், பசையால் ஒட்டப்பட்டது. மாட்யூல் இல்லாத கூட்டை ஹேர் டிரையரால் ஒரு சாண் தள்ளி, ஒன்றிரண்டு நிமிடம் சூடாக்குங்கள். கை பொறுக்கும் சூடு போதும், அதைத் தாண்டினால் அக்ரிலிக் வளையும். பிறகு கட்டைவிரலில் பருத்தித் துணியைச் சுற்றி, உள்ளிருந்து வெளியே தள்ளுங்கள். ஒரு மூலையில் கொஞ்சம், எதிர் மூலையில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி. பசை இழுபடும் மெல்லிய சத்தம் கேட்கும். நகரவில்லை என்றால் மறுபடி சூடாக்குங்கள், பலத்தைக் கூட்டாதீர்கள். வெளியிலிருந்து பிளேடு செருகினால் கூட்டின் விளிம்பு பிய்யும், கண்ணாடியின் ஓரம் தெறிக்கும்.

அடுத்ததுதான் ஆபத்தான கட்டம். நீலக் கோடு, எழுத்துகள் எல்லாம் கண்ணாடியின் உள்பக்கத்தில் அச்சிட்டவை. வாட்சின் முகம் என்று நாம் பார்ப்பதே அந்தப் பெயின்ட்தான். தின்னர், அசிட்டோன் பட்டால் அச்சும் போகும், அக்ரிலிக்கும் உருகும். ஆல்கஹாலும் வேண்டாம், ஓரத்தில் முடிபோன்ற வெடிப்புகளைக் கிளப்பிவிடும். முதலில் தூசியை ஊதுங்கள். பிறகு டிஸ்டில்டு வாட்டரில் லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் அச்சு இல்லாத, எண்கள் தெரியும் ஜன்னல் பகுதியை மட்டும் ஒற்றி எடுங்கள். அச்சின் மேல் தேய்ப்பு கூடாது. கூட்டை மட்டும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்ட வெதுவெதுப்பான நீரில், பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து நன்றாகக் காயவிடலாம். பழைய பசையைப் பல்குத்தும் குச்சியால் உருட்டி எடுங்கள்.

திரும்ப ஒட்டுவதற்கு செல்போன் ஸ்கிரீனுக்குப் போடும் மெல்லிய டபுள் சைடு டேப்பை விளிம்பின் அகலத்துக்கு நறுக்கிக்கொள்வது நல்லது. ஃபெவிக்விக் வகைப் பசை வேண்டவே வேண்டாம்: அதன் ஆவி கண்ணாடியின் உள்ளே வெள்ளைப் புகைபோலப் படிந்து, துடைத்த வேலையெல்லாம் வீண். ஒட்டியபின் துணி வைத்து, ரப்பர் பேண்ட் மாட்டி ஓரிரவு விடுங்கள். பின்மூடியின் ரப்பர் வளையத்துக்குத் துளி சிலிக்கான் கிரீஸ். என்ன செய்தாலும் பழைய நீர்த்தடுப்பு திரும்பாது, கை கழுவும்போதுகூடக் கவனம் தேவை.

மூடுவதற்கு முன் ஸ்பிரிங்கை அதன் குழியில் நிறுத்துங்கள். மூடியபின் வலப்பக்கப் பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் திரையில் கேசியோ என்ற பெயர் வரும். அதன் மேல் ஒரு தூசி நின்றால், மறுபடி நான்கு திருகு.