மரியாதை பற்றிச் சில மே மாதக் குறிப்புகள்

2025 மே 3, சனி

கொழும்பின் காலி வீதியில் பாணந்துறைக்கும் புறக்கோட்டைக்கும் இடையே ஓடும் 100 ஆம் இலக்கப் பேருந்தில் ஏறினால், ஓட்டுநரின் தலைக்கு மேலுள்ள ஒலிபெருக்கி ஒரு பக்கம் பாடிக்கொண்டிருக்கும். அதையும் மீறித் தம் கைத்தொலைபேசியில் ஓடும் காணொளியை இயர்போன் இல்லாமல் எல்லோரும் கேட்கும்படி விடுகிறவர் ஒருவரேனும் இப்போது கட்டாயம் இருப்பார். வெள்ளவத்தையிலிருந்து கோட்டை வரை நின்றுகொண்டு பயணம் செய்கிறவருக்கு விலகிப்போக இடமில்லை. காதை மூடவும் வழியில்லை, ஏனென்றால் ஒரு கை கம்பியையும் மறு கை பையையும் பிடித்திருக்கும்.

இதை எங்கள் தொடர்மாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவரிடம் சொன்னபோது, "ஓடுகிற பஸ்ஸே இவ்வளவு சத்தம் போடேக்க, அந்தச் சின்னச் சத்தம் உங்களை என்ன செய்யப் போகுது?" என்று கேட்டார். பேருந்தின் இரைச்சல் எவரும் விரும்பி உண்டாக்குவதன்று. கைத்தொலைபேசியின் சத்தமோ ஒருவர் தமக்காகத் தேர்ந்தெடுத்து மற்றவர்மீது சுமத்துவது. இரண்டும் ஒன்றல்ல என்பதே என் பதில்.

ஆனால் என் பெறாமகள் வேறொன்றைச் சொன்னாள். இரவு வேலை முடிந்து தனியாக வரும்போது தாயுடன் உரத்த குரலில் பேசிக்கொண்டு வருவது தனக்குப் பாதுகாப்பு என்றாள். தன்னை ஒருவர் எதிர்பார்த்திருக்கிறார் என்பது பேருந்தில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். அந்தச் சத்தத்தை நான் எவ்வளவு நேரமும் பொறுத்துக்கொள்வேன்.

2025 மே 6, செவ்வாய்

இன்று உள்ளூராட்சி மன்றத் தேர்தல். காலை ஏழு மணிக்கு வாக்களிப்பு ஆரம்பமாகும் முன்பே பாடசாலை வாசலில் வரிசை நின்றது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று எங்கள் வட்டாரத்தின் எல்லாச் சனங்களும் அதில் இருந்தார்கள். ஊன்றுகோலுடன் வந்த முதியவரை எவரும் சொல்லாமலே முன்னுக்கு விட்டார்கள். கைக்குழந்தையுடன் வந்த பெண்ணையும் அப்படியே. ஒருவருடைய மூச்சு இன்னொருவருடைய பிடரியில் படாத அளவுக்கு இடைவெளியும் இருந்தது.

இதே மனிதர்கள்தாம் மருந்துக் கடையின் கண்ணாடித் தட்டிக்கு முன்னால் முழங்கையால் இடித்துக்கொண்டு, முன்னே நிற்கிறவரின் தோளுக்கு மேலாக மருந்துச்சீட்டை நீட்டுகிறார்கள். தன் முறை கட்டாயம் வரும் என்ற நம்பிக்கை இருக்கும் இடத்தில் மனிதர் வரிசையைக் காக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. 2022 இல் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் இரவு பகலாகக் காத்திருந்த நகரம் இது. அன்று கொள்கலம் காலியாவதற்குள் கிடைக்குமோ என்ற பயம், வரிசையில் இடம் பிடிப்பதையே ஒரு போராட்டமாக்கிவிட்டது. அந்தப் பயம் இன்னும் பலருடைய உடம்பில் இருக்கிறது. ஆகவே மருந்துக் கடையில் இடிப்பவரிடம் எனக்குக் கோபம் குறைவு. வரிசையை முறைப்படி நடத்தாமல், தெரிந்த முகத்தைக் கண்டதும் பின்னாலிருந்து கூப்பிட்டு மருந்தைக் கொடுக்கிற கடைக்காரரிடமே கோபம்.

2025 மே 8, வியாழன்

வாட்ஸ்அப்பில் நாலு நிமிடக் குரல் பதிவுகள். ஒரு வரியில் எழுதக்கூடியதைக் கேட்பதற்கு மற்றவர் வேலையை நிறுத்த வேண்டியிருக்கிறது. கண் பார்வை குறைந்தவர்களுக்கும் தட்டச்சுத் தெரியாத முதியவர்களுக்கும் குரல் பதிவு ஒரு வரம் என்பதை மறுக்கவில்லை, மற்றவர்கள் எழுதலாம்.

2025 மே 10, சனி

மாலை நாலரைக்கு என்று அழைப்பிதழில் அச்சிட்டிருந்த நூல் வெளியீடு ஐந்தே முக்காலுக்குத் தொடங்கியது. பிரதம விருந்தினர் வரவில்லை என்பது காரணம். நேரத்துக்கு வந்திருந்தவர்கள் கொட்டாஞ்சேனையிலிருந்தும் தெகிவளையிலிருந்தும் வந்தவர்கள். அவர்களிற் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். பிந்தி வந்தவர்களுக்கு முன்வரிசை காத்திருந்தது. நேரத்தைக் காத்தவர்கள் தண்டிக்கப்பட்டார்கள், காக்காதவர் மாலை போட்டு வரவேற்கப்பட்டார்.

என் மனதை மிகவும் உறுத்தியது வேறு. வரவேற்பு நடனம் ஆடுவதற்காக எட்டு ஒன்பது வயதுச் சிறுமிகள் முகப்பூச்சும் சலங்கையும் இறுகக் கட்டிய ஆடையுமாக மேடைக்குப் பக்கத்து அறையில் நின்றிருந்தார்கள். ஆடை கசங்கும் என்பதால் அவர்களை உட்கார விடவில்லை. முகப்பூச்சு கலையும் என்பதால் தண்ணீரும் அளவாகத்தான். ஒரு பெரியவரின் பிந்துகையை அந்தப் பிள்ளைகளின் கால்கள் தாங்கின. பிறகு மங்கல விளக்கேற்றலுக்கு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தார்கள். பின்னர் பேசவந்த ஒவ்வொருவரும் மேடையில் இருந்தவர்கள் எல்லாரையும் மறுபடி "அவர்களே" என்று விளித்துத் தொடங்கினார்கள். நூலைப் பற்றிப் பேசியவருக்கு ஏழு நிமிடம் மிஞ்சியது.

ஏற்பாட்டாளர் எனக்கு நீண்ட நாள் நண்பர், அன்பானவர். "அவர் வராமல் தொடங்கினால் அது அவரை அவமதிக்கிறதல்லோ?" என்றார். அவர் சொல்வதில் ஒரு பழைய நியாயம் இருக்கிறது. ஊரில் பெரியவர் ஒருவர் வந்து சபையில் அமரும்வரை காரியம் தொடங்காமல் இருப்பது மரியாதையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெரியவர், தமக்காகச் சபை காத்திருக்கிறது என்று அறிந்து முன்னதாகவே வருவார். மரியாதை இரண்டு பக்கத்திலும் இருந்தது. ஒரு பக்கம் மட்டும் மிஞ்சிய பிறகு அதை மரியாதை என்று என்னால் ஏற்க முடியவில்லை. இதே சனங்கள் திருமணத்தில் சுபமுகூர்த்தத்தை ஒரு நிமிடம் தவறவிடமாட்டார்கள் என்பதை அவருக்கு நினைவூட்டினேன். நேரத்தைக் காக்க எங்களுக்கு நன்றாகத் தெரியும். யாருக்காகக் காப்பது என்பதில்தான் பிழை இருக்கிறது.

2025 மே 13, செவ்வாய்

நேற்றும் இன்றும் பௌத்தர்களின் வெசாக் விடுமுறை. பேரே வாவியையும் கங்காராமை விகாரையையும் சுற்றி வெளிச்சக் கூடுகள். இரவில் நடந்து பார்க்கப் போனோம். வழிநெடுக, வருவோருக்கு இலவசமாக உணவு வழங்கும் தன்சல்கள்: சோறு, கடலை, ஐஸ்கிறீம், குளிர்பானம். வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று எவரும் பார்ப்பதில்லை, மதம் கேட்பதில்லை. ஒரு தன்சலில் பரிமாறிய பதின்வயதுப் பையன் ஒவ்வொரு தட்டையும் இரண்டு கைகளாலும் நீட்டினான். கொடுக்கிறவர் பணிந்து கொடுத்தால் வாங்குகிறவருக்குக் கூச்சம் இருக்காது. எங்கள் கோயில் அன்னதானங்களில் சில வேளை "தள்ளாதையுங்கோ, லைனில நில்லுங்கோ" என்ற அதட்டல் கேட்கிறது. அதைக் கேட்கும்போது பசியோடு வந்தவர் தலை குனிவதைக் கண்டிருக்கிறேன்.

ஒலிபெருக்கியைப் பற்றி வீட்டில் ஒரு விவாதம் நடந்தது. விகாரைச் சத்தம் பற்றி முறையிட்ட ஒருவர், எங்கள் கோயிலில் விடியற்காலையில் ஒலிக்கும் பக்திப் பாடலை அருள் என்றார். நான் அவருடன் உடன்படவில்லை. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி வழங்கலாகாது என்று உயர் நீதிமன்றம் 2007 இல் வழிகாட்டியபோது அது விகாரை, கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்று பிரிக்கவில்லை. விசேட திருநாட்களுக்கு விலக்கு உண்டு. அதை நான் மனமார ஏற்கிறேன். நாள்தோறும் ஐந்து மணிக்கு இரவு வேலை முடித்து உறங்கப் போகும் தாதியின் யன்னலுக்கு நேரே ஒலிபெருக்கியைத் திருப்பிவைப்பது எந்தத் தெய்வத்துக்கும் தேவையானதன்று.

2025 மே 21, புதன்

யாழ்ப்பாணத்திலிருந்து சித்தி வந்திருக்கிறார். இரவுப் பேருந்தில் வந்து, விடிவதற்கு முன் வெள்ளவத்தையில் இறங்கி, ஒரு பெட்டி கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துடன் நேரே வாசலுக்கு வந்துவிட்டார். வருவதாக எவருக்கும் அறிவிக்கவில்லை. கீழே காவலாளி நிறுத்தி, பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் பதிவேட்டில் எழுதச் சொல்லி, மேலே தொலைபேசியில் கேட்டபிறகே உள்ளே விட்டார். சித்திக்கு அது பெரிய மனவருத்தம். "அக்கான்ர பிள்ளை வீட்டுக்குப் போகவும் இனி அனுமதி எடுக்க வேணுமோ?" என்று காலைத் தேநீர் குடிக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்து எங்களுடன் தங்கியிருக்கும் மருமகளுக்கு மறுபக்கம்தான் நியாயமாகப் பட்டது. சொல்லாமல் வருவது, வீட்டார் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று எண்ணாமல் வருவது என்றாள் அவள். தொலைபேசியில் கேட்டுவிட்டு வருவது உறவை அந்நியமாக்குவது என்றார் சித்தி. இருவரும் ஒருவரையொருவர் மரியாதை தெரியாதவர் என்றே நினைத்தார்கள், வெளியே சொல்லவில்லை.

இதை நான் நாள் முழுவதும் யோசித்தேன். சித்தியின் ஊரில் வீட்டுக்கு வேலியும் படலையும் உண்டு. வருகிறவர் படலையில் நின்று கூப்பிடுவார், நாய் குரைக்கும், வீட்டார் சீலையைச் சரிசெய்து, விறாந்தையில் கிடந்த துணிகளை அள்ளி உள்ளே போடும்வரை வருகிறவர் முற்றத்தில் மெதுவாக நடந்து வருவார். அந்த இடைவெளிதான் வீட்டாருக்குக் கிடைக்கும் அவகாசம். கொழும்புத் தொடர்மாடியில் கதவைத் திறந்தால் நேரே கூடம், கூடத்திலிருந்து பார்த்தால் படுக்கையறை. இங்கே முன்கூட்டிச் செய்யும் தொலைபேசி அழைப்புத்தான் படலை. சித்தியிடம் இப்படியே சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அடுத்தமுறை கொடிகாமத்தில நிண்டு கோல் எடுக்கிறன்" என்றார்.

சாப்பாட்டு மேசையில் இன்னொரு முரண் எழுந்தது. மருமகள் "போதும்" என்றால் உண்மையிலேயே போதும். சித்திக்கோ முதல் "போதும்" வெறும் உபசாரம். இரண்டாவது தடவையும் கேட்டு வைக்காவிட்டால் விருந்தோம்பலில் குறை. மூன்றாவது இடியப்பத் தட்டு வந்தபோது மருமகள் என்னைப் பார்த்தாள். ஒருமுறை வற்புறுத்துவது அன்பு என்று நானும் நம்புகிறேன். கூச்சத்தால் வேண்டாம் என்கிறவர்கள் எங்களிடையே நிறைய உண்டு, அவர்கள் பசியோடு எழுந்து போகக்கூடாது. ஆனால் நீரிழிவு நோயுள்ளவருடைய தேநீரில், "ஒருநாளைக்கு என்ன செய்யப் போகுது" என்று சீனி போட்டுக் கொடுப்பதை நான் அன்பாக எண்ணமாட்டேன். அவர் மறுத்தால் பிழை அவருடையது ஆகிவிடுகிறது, குடித்தால் நோய் அவருடையது.

2025 மே 22, வியாழன்

பக்கத்து வீட்டில் ஒரு பிறந்தநாள். பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கும் இளைஞர் ஒருவரும் வந்திருந்தார். எங்கள் எல்லோருக்கும் மூத்தவரான ஒருவர் மிகக் கனிவான குரலில் அவரை விசாரிக்கத் தொடங்கினார். "தம்பி எந்த ஊர்?" என்பது முதல் கேள்வி. ஊரைச் சொன்னார். "ஊரில எவடம்?" சொன்னார். "கோயிலுக்கு இங்கால் பக்கமோ அங்கால் பக்கமோ?" அதையும் சொன்னார். "அப்பாவின்ர பேர் என்ன, என்ன செய்தவர்?" என்று கேள்வி தொடர்ந்தபோது இளைஞரின் முகம் மாறிவிட்டது. அந்தக் கேள்விகள் எங்கே போய் முடியும் என்பது அங்கிருந்த யாழ்ப்பாணத்தார் அனைவருக்கும் தெரியும். சாதியை வாயால் கேட்பது அநாகரிகம் என்று கருதும் நாம், அதை இப்படித் தெருத்தெருவாக நடந்து போய்க் கண்டுபிடிக்கிறோம்.

நான் குறுக்கிட்டு, அவருடைய மாணவர்களின் பரீட்சை பற்றிக் கேட்டுப் பேச்சைத் திருப்பினேன். பிறகு பெரியவரைத் தனியே கண்டு, அந்தக் கேள்விகள் இளைஞரை நோகச் செய்தன என்று சொன்னேன். "பிள்ளையை விசாரிக்காமல் விட்டால்தானே மரியாதை இல்லை?" என்றார். பிள்ளை இல்லாத தம்பதியிடம் ஏன் இன்னும் இல்லை என்று கேட்பவர்களும், வேலை தேடுகிறவரிடம் சம்பளம் கேட்பவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். விசாரிப்பு அன்பாக இருக்க வேண்டுமானால், பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை கேட்கப்படுகிறவருக்கு இருக்க வேண்டும். அந்த இளைஞர் அங்கே படிப்பித்துச் சம்பளம் வாங்குகிறவர், பெரியவரிடம் "ஏன் கேட்கிறீர்கள்?" என்று அவரால் திருப்பிக் கேட்க முடியாது. படலையும் சீனியும் வழக்கத்தின் வேறுபாடுகள், பேசித் தீர்க்கலாம். இதை அந்தக் கணக்கில் சேர்க்க நான் மறுக்கிறேன்.

2025 மே 25, ஞாயிறு

தொடர்மாடி நிர்வாகக் குழுக் கூட்டம். காவலாளியைப் பற்றிப் பேச வேண்டும் என்று நான்தான் கேட்டிருந்தேன். ஹற்றன் பக்கத்திலிருந்து வந்த அவருக்கு அறுபத்தைந்து வயதாகிறது. முப்பது வயதுக்காரர்கள் அவரை, சிங்களத்தில் தம்பி என்று பொருள்படும் "மல்லி" என்று கூப்பிட்டு, காரின் கண்ணாடியைப் பாதி இறக்கி, படலை திறக்கப் பிந்தினால் ஹோன் அடிக்கிறார்கள். வாசலில் அவருக்கு மழையில் நனையாத இருக்கையும் இல்லை. ஒருவர் மறித்து, அவருக்குச் சம்பளம் கொடுக்கிறோம் அல்லவா என்றார். சம்பளம் அவருடைய வேலைக்கு, அதட்டலைத் தாங்குவதற்கு அல்ல என்று பதில் சொன்னேன். இரவு ஒன்பதுக்குப் பிறகு வாசலில் ஹோன் அடிக்கக் கூடாது என்பதும், கூரையும் மின்விசிறியும் உள்ள ஒரு சிறு அறை கட்டுவதும் ஏற்றுக்கொள்ளப்பட்டன.

வீட்டுவேலைக்கு வரும் பெண்கள் முன்பக்க லிப்ட்டைப் பயன்படுத்தக் கூடாது என்ற பழைய விதி மட்டும் தீரவில்லை. சாமான்களும் குப்பையும் ஏற்றும் பின்பக்க லிப்ட் அடிக்கடி பழுதாகும்; அந்நாட்களில் அவர்கள் எட்டு மாடி ஏறுகிறார்கள். விதியை ஆதரித்தவர்கள் சுத்தத்தைக் காரணம் காட்டினார்கள். எங்கள் சமையலறைகளையும் பிள்ளைகளின் உடைகளையும் சுத்தமாக்குகிறவர்களைப் பற்றி அந்தக் காரணத்தை எப்படிச் சொல்ல முடிகிறது என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை, வாக்கெடுப்பும் நடக்கவில்லை. விதியை நீக்கும் பிரேரணையை ஜூன் மாதக் கூட்டத்துக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறேன். வழிமொழிவதாக அந்த வங்கி அலுவலர் கையொப்பமிட்டுத் தந்திருக்கிறார்.