தொண்ணூத்தாறுன்னு ஒரு ஊரு

போன சனிக்கிழமை நைன்ட்டி சிக்ஸ் போயிட்டு வந்தோம். ஊரோட பேரே அதுதாங்க, தெற்கு கரோலைனாவுல இருக்கு, நாங்க இருக்குற கிரீன்வில்ல இருந்து கார்ல ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும். செரோக்கிங்குற அமெரிக்கப் பூர்வகுடி மக்களோட கியோவீங்குற ஊருக்கு இங்கருந்து 96 மைல்னு அந்தக் காலத்து வியாபாரிங்க கணக்குப் போட்டதால இந்தப் பேரு வந்துச்சுன்னு சொல்றாங்க, வேற கதையும் இருக்கு. 1751ல ராபர்ட் கௌடின்னு ஒருத்தர் இங்க கடை போட்டாரு, மான் தோலை வாங்கிக்கிட்டு ரம்மு, வெடிமருந்து, துணின்னு குடுக்குற கடை. அதைச் சுத்தித்தான் ஊரே வளந்துருக்கு. செரோக்கிகளோட சண்டை வந்தப்போ 1759ல கௌடியோட களஞ்சியத்தைச் சுத்தி மரக்கட்டைய நட்டுக் கோட்டையாக்கிட்டாங்க, அடுத்த வருஷம் செரோக்கிங்க ரெண்டு தடவை தாக்கியும் அது விழல.

இப்ப அங்க ஊருன்னு ஒண்ணும் இல்ல, இன்னிக்கு இருக்குற நைன்ட்டி சிக்ஸ் டவுன் கொஞ்சம் தள்ளி இருக்கு. பழைய இடத்துல வெறும் புல்லு, பைன் மரம், ஒரு மைல் நடைபாதை. வழியில ஐலண்ட் ஃபோர்டு ரோடுன்னு ஒரு பழைய வண்டித்தடம் வருது, மாட்டுவண்டியும் குதிரைவண்டியும் ஓடி ஓடித் தேஞ்சு ரோடே பள்ளமா இறங்கிருக்கு, உள்ள இறங்கி நின்னா ரெண்டு பக்கமும் மண்ணு சுவர் மாதிரி நிக்குது. அங்கயே கொஞ்ச நேரம் நின்னுட்டேன்.

ஆனா நான் சொல்ல வந்தது ஸ்டார் ஃபோர்ட் பத்தி. அமெரிக்க சுதந்திரப் போர் நடந்தப்போ 1781ல கட்டின மண்கோட்டை, எட்டு முனை வச்ச நட்சத்திரம் மாதிரி. நேரா சுவர் எழுப்பினா சுவரோட அடியில வந்து ஒட்டிக்கிட்டவனைச் சுட முடியாது, முனை முனையா மடக்கினா ஒரு மடிப்புல நிக்கிறவன் பக்கத்து மடிப்போட அடிவாரத்தைப் பாத்துச் சுடலாம், அதுக்குத்தான் அந்த வடிவம். ஆச்சரியம் என்னன்னா இப்ப இருக்குறது திரும்பக் கட்டினது இல்ல, அப்ப போட்ட அதே மண்ணுதான், தேஞ்சு தாழ்ந்து மேல புல்லு மொளச்சிருக்கு, ஏறக்கூடாது, சுத்தித்தான் நடக்கணும். பக்கத்துல இருக்குற பார்வை மேடைல ஏறினாதான் நட்சத்திரம் புரியுது. என் பொண்ணு விரல் விட்டு முனைய எண்ணிக்கிட்டே இருந்தா.

இதைக் கட்டுனது யாருன்னு பாத்தா, பிரிட்டிஷ் ராஜாவுக்கு விசுவாசமா இருந்த அமெரிக்கப் படைவீரர்களும் அக்கம்பக்கத்துப் பண்ணைகள்ல இருந்து கூட்டிட்டு வந்த கறுப்பின அடிமைகளும். தளபதி ஜான் ஹாரிஸ் குரூகர், நியூயார்க்காரர். உள்ள 550 பேரு, வெளிய சுதந்திரத்துக்காகச் சண்டை போட்ட அமெரிக்கப் படையோட ஜெனரல் நத்தானியேல் கிரீன் 1,000 பேரோட வந்து மே 22 அன்னிக்கு முற்றுகை போடுறாரு. உள்ளயும் வெளியயும் கிட்டத்தட்ட எல்லாரும் அமெரிக்காக்காரங்கதான், நான் அதுவரைக்கும் இது வெள்ளைக்கார ராஜாவுக்கும் அமெரிக்கர்களுக்கும் நடந்த சண்டைன்னுதான் நெனச்சிருந்தேன், இங்க நின்னப்போதான் அது பக்கத்து வீட்டுக்காரனும் பக்கத்து வீட்டுக்காரனும் வெட்டிக்கிட்ட சண்டைன்னு உறைச்சுது.

கிரீனோட இன்ஜினியர் போலந்துக்காரர் தாதேயுஸ் கோஷ்யூஸ்கோ. அவங்க முதல்ல கோட்டைக்கு ரொம்பக் கிட்டயே பதுங்குகுழி வெட்ட ஆரம்பிச்சாங்க, உள்ள இருந்தவங்க ராத்திரில பாய்ஞ்சு வந்து வெட்டுனவங்களையே கொன்னுட்டாங்க, அப்புறம் தள்ளிப் போய் ஆரம்பிச்சு வளைஞ்சு வளைஞ்சு கிட்ட கொண்டு வந்தாங்க. அந்த ஊரு செம்மண்ணு இறுகிட்டா கல்லு மாதிரி, மம்பட்டி இறங்காது. சுவருக்கு அடியில வெடி வைக்கச் சுரங்கமும் தோண்டினாங்க, அது முடியவே இல்ல. நெருப்பு அம்பு விட்டாங்க, குரூகர் அங்க இருந்த வீடுகளோட கூரையெல்லாம் பிரிச்சுப் போட்டுட்டாரு. உயரமா மரக்கோபுரம் கட்டி மேல இருந்து சுட்டாங்க, அவரு சுவர் மேல மணல் மூட்டைய அடுக்கிட்டாரு.

தண்ணிக்குத்தான் அவருகிட்ட வழி இல்ல. கோட்டைக்குள்ள கிணறு தோண்டிப் பாத்தாங்க, தண்ணி வரல. ஊருக்கு மேற்கால ஒரு சின்ன ஓடை, அதையும் கிரீனோட ஆளுங்க துப்பாக்கில காவல் காக்குறாங்க, ஜூன் மாச வெயில். அப்ப என்ன பண்ணாங்க தெரியுமா, ராத்திரில அடிமைகளைத் துணி இல்லாம அனுப்புனாங்க, இருட்டுல தோல் நிறம் மரத்தோட மரமா தெரியாம போயிரும்னு. அவங்க ஊர்ந்து போய் எடுத்துட்டு வந்த தண்ணிலதான் அத்தனை பேரும் உயிரோட இருந்திருக்காங்க. குரூகர், கிரீன், கோஷ்யூஸ்கோன்னு எல்லாரோட பேரும் பலகைல இருக்கு, தண்ணி எடுக்கப் போன ஒருத்தரோட பேரையும் நான் பாக்கல. எனக்கு அது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. அந்த ஓடைகிட்ட போய் நின்னு பாத்தோம், ஒரு எட்டுல தாண்டிரலாம் போல இருக்கு.

நடுவுல ஒரு கிராமத்து ஆளு குதிரைல வந்து முற்றுகை போட்டவங்களோட சாவகாசமா பேசிக்கிட்டே வந்து, கோட்டை கிட்ட வந்ததும் குதிரைய விரட்டி, கையில ஒரு கடுதாசியத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு உள்ள பாய்ஞ்சுட்டான். பிரிட்டிஷ் தளபதி ராடன் பிரபு 2,000 பேரோட உள்ள இருக்குறவங்களுக்கு உதவியா வர்றாருங்குற சேதி. அவரு வர்றதுக்குள்ள முடிக்கணும்னு ஜூன் 18 கிரீன் நேரடியா தாக்குனாரு. உள்ள இருந்தவங்க வெளிய வந்து அகழியில இறங்கி ரெண்டு பக்கமும் சுத்தி வந்து துப்பாக்கி முனை ஈட்டியால குத்தித் தள்ளிட்டாங்க. முற்றுகை போட்டு 28 நாளானதும் கிரீன் கிளம்பிட்டாரு. ஆனா ஜெயிச்சவங்களும் தங்கல, ஜூலைலயே ஊரைக் கொளுத்திட்டுப் போயிட்டாங்க.

இந்த ராடன் யாருன்னு பாத்தா நம்ம பள்ளிக்கூடப் புத்தகத்துல வர்ற ஹேஸ்டிங்ஸ் பிரபு! வாரன் ஹேஸ்டிங்ஸ் இல்ல, 1813ல இருந்து 1823 வரைக்கும் கவர்னர் ஜெனரலா இருந்தவரு, கூர்க்காக்களோடயும் மராட்டியரோடயும் போர் நடத்துன ஆளு. இங்க வந்தப்போ அவருக்கு 26 வயசு. அந்த மேடு முன்னாடி நின்னு என் வீட்டுக்காரம்மாகிட்ட இதைச் சொன்னப்போ "இவரா அங்க வந்தாரு"ன்னு அவங்களும் திரும்பத் திரும்பக் கேட்டாங்க.

போறவங்களுக்கு: நுழைவுக் கட்டணம் இல்ல. இலை உதிர்ந்த குளிர்காலத்துல போனா பதுங்குகுழி வளைவெல்லாம் நல்லா தெரியும். வெயில் காலம்னா காலைலயே போயிருங்க, கோட்டை இருக்குற வெட்டவெளில நிழலே இல்ல, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணி கையில இருக்கட்டும்.